அடுக்களையில் பிறந்த ஆட்டம்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிலே, உலகெங்கிலுமுள்ள வீடியோ கேம் கலைஞர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டில், பெரிய கம்பெனிகளைச் சாராமல் சுயேச்சையாக இயங்கும் சிறு ஸ்தாபனங்களின் படைப்புகளுக்கென்றே நடைபெறும் ‘இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்’ என்னும் விழாவின் தலைமைப் பரிசு, ‘வெண்பா’ என்ற ஒரு விளையாட்டுக்கு வழங்கப்பட்டது. அதில் யுத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, பந்தயக் கார் இல்லை. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்ப் பெண், தன் தாயாரிடமிருந்து வந்த கிழிந்துபோன சமையற் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்கிறாள். வெளிப்பார்வைக்கு அவ்வளவே அந்த ஆட்டம். அடுத்த மாதமே, லண்டன் மாநகரில் நடந்த, பிரிட்டனின் ‘பாஃப்டா’ விருது விழாவில், ஒரு ஸ்தாபனத்தின் முதற்படைப்புக்கென்று அளிக்கப்பெறும் விருதும் அதற்கே கிடைத்தது. இதனைச் செய்தது டொரான்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் ஒரு சிறு கூடம்.

அண்ணாமலையார் கோயிலின் நிழலில் வாழும் நமக்கு இச்செய்தியால் ஆவதென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். கைபேசித் திரையில் கண்ணைப் புதைத்துக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேளாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கண்டு விசாரப்படும் தாய் தந்தையர் பெரிய தெருவிலும் உண்டு, போளூர் சாலையிலும் உண்டு. அவர்களுடைய விசாரத்தில் நியாயமில்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், ஒரு சாதனம் பலரால் அற்பமாகக் கையாளப்படுகிறது என்பதனாலேயே அந்தச் சாதனம் அற்பமானதாகிவிடாது. நாவலைக் குறித்தும், நாடகத்தைக் குறித்தும், சினிமாவைக் குறித்தும் நம் முன்னோர் இவ்வாறே அஞ்சினார்கள். பிறகு அவற்றுள்ளேயே மனிதவாழ்வின் ஆழங்களைக் கண்டார்கள். வீடியோ கேம் என்பதும் அவ்வாறு மதித்து ஆராயத்தக்க ஒரு கலை என்பதையும், அக்கலைக்குப் பெரும் பொருள் வேண்டுவதினும் தான் நன்கு அறிந்த ஒரு விஷயத்தினிடத்தில் உண்மையான சிரத்தை வேண்டும் என்பதையும், இந்த ஒரு சிறு கூடத்தின் சரித்திரம் நமக்கு எடுத்துக்காட்டுகிறது.

விளையாட்டில் பொருளை அமைத்து வைப்பது நமக்குப் புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக ஆடும் பரமபதத்தில், புண்ணியச் செயல்கள் ஏணிகளாகவும் பாபச் செயல்கள் பாம்புகளாகவும் நிற்கின்றன. தாயக்கட்டையை உருட்டுகிற குழந்தை, யாரும் உபதேசம் செய்யாமலே, ஏற்றமும் இறக்கமும் வாழ்வில் எவ்விதம் நேர்கின்றன என்பதைத் தன் காயின் கதியிலேயே உணர்ந்துகொள்கிறது. நம் நாட்டுப் பழைய கோயில்களின் மண்டபத் தளங்களில், கருங்கல்லிலே கீறப்பட்ட ஆடுபுலி ஆட்டக் கோடுகளை இன்றும் பார்க்கலாம். புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு புலியை வெட்டாது, ஆனால் சூழ்ந்து நின்று நகரவொட்டாமல் அடைத்துவிடும். பலம் முற்றிலும் வேறான இரண்டு கட்சிகளுக்கு நடுவே, எவர் வெல்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி விதிகளை வகுத்த அந்தப் பெயர் தெரியாத புத்திமான் செய்த வேலையைத்தான், இன்று ‘கேம் டிசைனர்’ என்னும் உத்தியோகத்தில் இருப்போர் செய்கிறார்கள்.

அந்த வேலை கணிப்பொறியில் பெயர்பெறத் தொடங்கியது 1962இல். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற ஆட்டத்தை ஓய்வு நேரத்தில் எழுதினார்கள். 1972இல் அடாரி கம்பெனியின் ‘பாங்’ கடைவீதிக்கு வந்து காசு ஈட்டத் தொடங்கியது. அதன்பின் இது ஒரு மகத்தான தொழிலாக வளர்ந்தது; வளர வளர, ஆட்டத்தைச் செய்வதற்கு ஆகும் செலவும் வளர்ந்தது. ஆட்டத்தை நாடாவிலோ தகட்டிலோ பதித்து, பெட்டியில் அடைத்து, கடைகளுக்கு அனுப்பி விற்கவேண்டியிருந்த அக்காலத்தில், பெரிய பதிப்பாளரின் கைப்பணம் இல்லாமல் ஒருவர் இத்துறையில் கால் வைப்பது அரிதாயிற்று. பணம் போட்டவர் ஏற்கெனவே விற்ற சரக்கைப் போன்றதையே மறுபடியும் கேட்பதும் இயற்கையாயிற்று.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. முதலாவது, விற்பனை. 2003இல் வால்வ் கம்பெனி தொடங்கிய ‘ஸ்டீம்’ என்னும் இணைய அங்காடியும், 2008இல் ஆப்பிள் கம்பெனி திறந்த ‘ஆப் ஸ்டோர்’ என்னும் அங்காடியும், பெட்டியும் லாரியும் கடையும் இல்லாமல், ஒருவன் தன் வீட்டு அறையில் செய்ததை உலகின் மறுகோடியிலுள்ளவன் வாங்கும்படி செய்தன. இரண்டாவது, கருவி. ஓர் ஆட்டத்தில் பொருள் மேலிருந்து விழவேண்டும், ஒளி சுவரில் படவேண்டும், விரல் தொட்டால் திரை அசையவேண்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. இவற்றை முன்னரே செய்துவைத்திருக்கும் மென்பொருளுக்கு ‘கேம் என்ஜின்’ என்று பெயர். 2005இல் வந்த ‘யூனிட்டி’ போன்ற என்ஜின்கள் சாமானியனுடைய கணிப்பொறியிலும் இயங்கக் கூடியவையாக இருந்தமையால், நாலைந்து பேர் கூடி ஓர் ஆட்டத்தைச் செய்து முடிப்பது சாத்தியமாயிற்று. 2008இல் ஜானதன் ப்ளோ வெளியிட்ட ‘ப்ரெய்ட்’, சிலர் கூடிச் செய்த சிறு படைப்புக்கு ஒரு பிரசித்தமான திருஷ்டாந்தம். 2016இல் வந்த ‘ஸ்டார்ட்யூ வேலி’ என்னும் விவசாய ஆட்டத்தையோ, எரிக் பரோன் என்ற ஒரே மனிதர், சித்திரம், சங்கீதம், எழுத்து, கணிப்பொறி வேலை அனைத்தையும் தாமே செய்து, நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து முடித்தார்.

வெண்பாவுக்குக் கிடைத்த தலைமைப் பரிசு, சீமஸ் மெக்நாலி என்ற கனடா நாட்டு இளைஞரின் பெயரைத் தாங்கியது. தம் குடும்பத்தாரோடு சேர்ந்து ஒரு சிறு ஸ்தாபனம் நடத்திய அவர், கொடிய நோயோடு போராடிக்கொண்டே ‘ட்ரெட் மார்க்ஸ்’ என்ற ஆட்டத்தை முடித்து, 2000ஆம் ஆண்டில் அந்தப் பரிசைப் பெற்று, பெற்ற சில நாட்களுக்குள் 21ஆம் வயதில் காலமானார். பெரும் முதலின்றி, உற்றார் நாலுபேரின் துணையோடு, மனப்பூர்வமாக ஒரு காரியத்தைச் செய்து முடித்த ஒருவரின் ஞாபகமாக விளங்கும் அப்பரிசு, ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை வந்தடைந்தது மிகவும் பொருத்தமே.

விசை கேம்ஸைத் தோற்றுவித்த அபி என்பவர், தமிழ்நாட்டிலிருந்து இளம் பிராயத்திலேயே கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். ஆட்டத்தின் அமைப்பும் கதையும் அவருடையவை. சித்திரங்களின் பொறுப்பு சாம் எல்கானாவினுடையது. வேலைகளை ஒழுங்குசெய்து நடத்தியவர் ஷாரின் கான். சங்கீதம் அமைத்தவர் ‘ஆல்ஃபா சம்திங்’ என்ற பெயரில் இயங்கும் கலைஞர். குடியேறியவர்களைப் பற்றிய கதைகள் பெரும்பாலும், இரண்டு உலகங்களுக்கு நடுவே தவிக்கும் பிள்ளைகளின் கண்வழியாகவே சொல்லப்படுகின்றன; ஊரையும் உறவையும் விட்டுவந்து, தெரியாத தேசத்தில் அப்பிள்ளைகளை வளர்த்த தாய் தந்தையரின் மனம் அவற்றில் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. அபி அந்தப் பின்னணியை முன்னே கொண்டுவர விரும்பினார். அவ்விருப்பமே இந்த ஆட்டத்தின் வித்து. 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி அது கணிப்பொறிக்கும், நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய கருவிகளுக்கும் வெளிவந்தது.

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் கனடாவுக்கு வந்து, காலூன்ற வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். உடல் நலமில்லாமலிருக்கும் வெண்பா, வேலைக்குப் புறப்படும் கணவனுக்காக இட்லி வார்க்க முற்படுகிறாள். தாயாரின் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் பழுதாகிவிட்டது. சில வரிகள் நிற்கின்றன, சில அழிந்துவிட்டன. அழிந்த வரிகளை ஆடுபவர் தம் புத்தியினால் நிரப்பவேண்டும். குழிகளில் எண்ணெய் தடவுவதும் மாவு ஊற்றுவதும் எளிது. தட்டுகளை எவ்விதம் அடுக்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக உட்கார்ந்துவிட்டால் ஆவிக்கு வழியில்லை. தட்டுகளைத் திருப்பி, குழியும் துளையும் மாறிமாறி வரும்படி வைத்தால் ஆவி தட்டுதோறும் ஏறி, இட்லி ஒருசேர வேகும். நம் வீட்டுப் பெண்மணிகள் விடியற்காலையில் தூக்கக் கண்ணோடு, யோசனையே இல்லாமல் செய்யும் ஒரு காரியம் இது. அவர்கள் கையிலே படிந்திருக்கும் அந்த அறிவு, ஓர் அறிவாகவே யாராலும் எண்ணப்படாமல் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. அதனை ஒரு புதிராக்கி, இட்லியைக் கண்ணாலும் கண்டிராத பின்லாந்துக்காரனும் பிரேஸில்காரனும் ஒரு நிமிஷம் நின்று யோசித்து, தவறி, திருத்தி, ‘இதற்காகவா!’ என்று வியக்கும்படி செய்தது சாமானிய காரியமன்று. அன்று காலையில்தான், தனக்கு ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்பதும் வெண்பாவுக்குத் தெரியவருகிறது.

இவ்வாறு அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆண்டுகள் தாண்டிச் செல்கின்றன, உணவும் மாறுகிறது. மகன் கவின் வளர்கிறான். அரிசிமாவும் தேங்காய்த் துருவலும் அடுக்கடுக்காக இட்டு அம்மா அவிக்கும் புட்டைக் காட்டிலும், பள்ளித் தோழர்கள் தின்பது அவனுக்கு உவப்பாக இருக்கிறது. வீட்டுத் தமிழ் அவன் நாவைவிட்டு மெல்ல விலகுகிறது. ஒரு தாய்க்கு இதைவிட நுண்ணிய துக்கம் வேறொன்று இருக்க முடியாது. ஏனெனில் இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை. பிள்ளை நன்றாக வாழவேண்டும் என்பதற்காகத்தானே அந்த தேசத்துக்கு வந்தது. அந்த தேசத்தில் நன்றாக வாழக் கற்றுக்கொண்ட பிள்ளை தன்னைவிட்டுத் தூரமாகிறான் என்றால், யாரை நோவது? பிற்பகுதியில், வளர்ந்து ஆளாகிவிட்ட கவினாகவே நாம் ஆடவேண்டியிருக்கிறது. அம்மாவின் தமிழ்க் குறிப்புகளை எழுத்துக் கூட்டிப் படித்து, புரிந்தும் புரியாமலும் அவன் அடுப்பின்முன் நிற்கையில், அவனுடைய தடுமாற்றம் நம் விரல்களின் தடுமாற்றமாகிறது. ஒரு நாவல் இத்தடுமாற்றத்தை வர்ணிக்கும். ஒரு சினிமா காட்டும். ஆட்டம் ஒன்றுதான் அதனை நம்மையே அனுபவிக்கச் செய்யும். இதுவே இக்கலையின் தனிச்சிறப்பு.

சமைக்கும்போது வெண்பா வானொலியைப் போடுகிறாள். அதில் ஒலிக்கும் பாட்டுகள் இந்த ஆட்டத்துக்கென்றே புதிதாக இயற்றப்பட்டவை. ஆயினும் ஒவ்வொன்றும் தமிழ்த் திரையிசையின் ஒவ்வொரு காலத்து மெட்டையும் வாத்தியச் சேர்க்கையையும் நினைவூட்டும்படி அமைந்திருப்பதால், ஆண்டுகள் கழிந்ததை எழுத்தில் பார்ப்பதற்கு முன்பே காதில் உணர்ந்துவிடுகிறோம். கடுகு வெடிப்பதும், எண்ணெய் பொரிவதும், ஆவி சீறுவதும் பாட்டுக்கிடையே கேட்கின்றன. சமையலில் தவறு செய்தால் தண்டனை கிடையாது, மீண்டும் செய்யலாம். மொத்தமும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இது மிகவும் குறுகியது என்று குறை கூறினோர் உண்டு. நூறு மணி நேரம் ஆடினாலும் முடியாத ஆட்டங்களுக்குப் பழகியவர்கள் அவ்விதம் கருதுவது இயல்பே. ஆனால் சிறுகதை குறுகியதாயிருப்பது அதன் குறையன்று. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தவுடன் நிறுத்துவதற்கும் ஒரு துணிவு வேண்டும். அத்துணிவு, பணம் போட்டவருக்கு மணிக்கணக்குக் காட்டவேண்டிய அவசியமில்லாத சிறிய கூடத்துக்கே எளிதில் வாய்க்கிறது.

தாயும் சமையலும் ஞாபகமும் ஒன்றாய்ப் பின்னிக் கிடப்பதை அறிய திருவண்ணாமலைக்காரர்கள் டொரான்டோவரை போகவேண்டியதில்லை. 1896இல் இங்கு வந்து, சகலத்தையும் துறந்து மலைக்குகையில் அமர்ந்த ரமண மகரிஷியைத் தேடி, 1916இல் அவருடைய அன்னை அழகம்மாள் வந்து தங்கினார். அதுவரை பிக்ஷை எடுத்து வந்ததையும் பக்தர்கள் கொணர்ந்ததையும் பகிர்ந்து உண்டுவந்த அந்தச் சிறு கூட்டத்துக்கு, அவ்வம்மையார் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார். 1922இல் அவர் மறைந்தபின், அவருடைய சமாதியை ஒட்டியே இன்றைய ஆசிரமம் எழுந்தது. உலகமெல்லாம் தேடிவந்த அந்த ஞானி, பின்னாளில் அதிகாலையிலேயே சமையற்கட்டுக்குச் சென்று, தம் கையால் காய்கறி நறுக்கிக்கொடுத்தார் என்பதை அவருடன் வாழ்ந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அடுக்களை வேலையில் அற்பமானது ஒன்றுமில்லை என்பதற்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டுமோ? அத்தகைய ஓர் அடுக்களையைத்தான், வேறொரு தேசத்தில், வேறொரு சாதனத்தில், சில இளைஞர்கள் பக்தியோடு தீட்டினார்கள்.

எனினும், சிறு கூடங்களின் மார்க்கம் சுலபமானதென்று எண்ணி எவரும் இதில் இறங்கிவிடலாகாது. நம் நாட்டிலேயே புணே நகரில், 2017இல், அவிசல் சிங், ஷ்ருதி கோஷ், இயான் மாட் ஆகியோர் தொடங்கிய ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’ என்ற ஸ்தாபனத்தின் அனுபவத்தை இங்கே நினைவுகூர்வது நலம். கடத்திச் செல்லப்பட்ட தன் தம்பி கோலுவைத் தேடி, துர்க்கையம்மன் அருளிய ஆயுதத்தோடு அசுரர்களை எதிர்த்துப் புறப்படும் ராஜி என்னும் சிறுமியின் கதையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ராஜஸ்தானத்து மாளிகைகளும், தோற்பாவைக் கூத்தின் நிழலுருவங்களும் அதில் உயிர்பெற்றன. ஆனால் பொதுஜனங்களிடம் இணையத்தின் வழியே நிதி திரட்ட அவர்கள் செய்த முயற்சி பலிக்கவில்லை. கூடத்தை மூடாமல் காப்பதற்காக, நிறுவியவர்களுள் ஒருவர் தம் வீட்டை விற்க நேர்ந்தது. பின்னர் ‘அன்ரியல்’ என்ற என்ஜினைச் செய்யும் எபிக் கம்பெனியின் மானியமும், ஒரு பதிப்பாளரின் ஆதரவும் கிடைத்து, 2020 ஆகஸ்டில் ‘ராஜி’ வெளிவந்தது. அவ்வாண்டின் ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவில், சிறந்த முதற்படைப்புக்கான தேர்வுப் பட்டியலில் இடம்பெற்றது. வீட்டை விற்றுக் கலை வளர்ப்பதை நான் யாருக்கும் உபதேசிக்கவில்லை. ஆர்வத்தோடு கூடவே கணக்கும் வேண்டும். எடுத்த காரியத்தைக் கைக்கு அடங்கிய அளவில் வைத்துக்கொள்ளும் விவேகமும் வேண்டும். புராணத்தைக் கையிலெடுத்த கூடம் அரண்மனைகளைக் கட்டவேண்டியிருந்தது. சமையலறையைக் கையிலெடுத்த கூடத்துக்கு ஓர் அடுப்பும் ஒரு மேடையும் போதுமாயிருந்தன.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. ராஜியும் வெண்பாவும், மேலைநாட்டார் நூறுமுறை செய்துவிட்டதை நாமும் ஒருமுறை செய்துகாட்டுவோம் என்ற எண்ணத்தில் பிறந்தவையல்ல. தம் வீட்டில் இருப்பதை, தாம் மட்டுமே உள்ளபடி அறிந்ததை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு சிறு பிசகும் நேராமல் காட்டவேண்டும் என்று உழைத்ததனாலேயே, அவை உலகத்தார் எல்லோருக்கும் உரியவை ஆயின. இட்லித் தட்டை எப்படித் திருப்பவேண்டும் என்பதில் கவனம் பிசகியிருந்தால், தாயின் துக்கமும் பொய்யாகத் தோன்றியிருக்கும். நுணுக்கத்தில் உண்மை இருந்தால்தான் உணர்ச்சியில் உண்மை நிற்கும்.

நம் ஊரைச் சுற்றிலும் பொறியியற் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் கணிப்பொறி கற்ற பிள்ளைகள் அவற்றிலிருந்து வெளிவந்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் ஓரிருவர், கூத்து ஆடத் தெரிந்த ஒருவரையும், படம் எழுதத் தெரிந்த ஒருவரையும், பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, மாலை வேளைகளில் ஒரு சிறு ஆட்டத்தைச் செய்து பார்க்கக் கூடாதா? எட்டுத் திக்கிலும் எட்டு லிங்கங்கள் நிற்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், ஒரு பௌர்ணமி இரவில் நடப்போரின் கதைகள் எத்தனை! கார்த்திகை தீபத்தன்று ஏற்றும் கொப்பரையை மலையுச்சிக்குச் சுமந்து செல்வோரின் உழைப்பு எத்தகையது! ஜவ்வாது மலையில் சாமை விதைத்துப் பிழைக்கும் குடிகளின் பருவக் கணக்கு, வந்தவாசியில் கோரைப்பாய் நெய்வோரின் விரல் நுட்பம், ஆரணியில் பட்டுத் தறியின் ஓட்டம் ஆகிய ஒவ்வொன்றிலும், இட்லித் தட்டில் இருந்தது போன்ற ஒரு சூட்சுமம், யாரேனும் ஒருவர் அதை ஆட்டமாக்கித் தரவேண்டுமென்று காத்திருக்கிறது.

இதற்குப் பெற்றோரும் ஆசிரியரும் செய்யவேண்டிய உபகாரம் ஒன்றுண்டு. பிள்ளை ஆட்டம் ஆடுகிறான் என்று கோபிப்பதற்கு முன், அவன் எந்த ஆட்டத்தை ஆடுகிறான் என்று விசாரிக்கவேண்டும். நல்ல நூலைத் தேர்ந்து கொடுப்பதுபோல நல்ல ஆட்டத்தையும் தேர்ந்து கொடுக்கவேண்டும். ஆடுவதோடு நில்லாமல் ஒன்றைச் செய்ய முற்படுகிறவனுக்கு, ‘இது உருப்படாத வேலை’ என்று சொல்லாமல், தாம் அறிந்த தொழிலின் நுட்பத்தை, அது நெசவாயினும் சமையலாயினும், அருகில் உட்கார்த்திச் சொல்லித்தரவேண்டும். என்ஜின் இலவசமாகக் கிடைக்கிறது. அங்காடி உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது. பரிசளிப்போர் ஒரு தமிழ்த் தாயின் கதையை மதிக்கிறார்கள் என்பதும் நிரூபணமாகிவிட்டது. இனி வேண்டுவது, தன் ஊரை உற்றுப் பார்க்கும் கண்ணும், பார்த்ததைப் பிசகாமல் செய்து முடிக்கும் பொறுமையுமே. அவ்விரண்டும் பணத்தைப் பொறுத்தவையல்ல; ஆகையால், அடுத்த நல்ல ஆட்டம் திருவண்ணாமலையிலிருந்து வரலாகாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.